பெற்றோர் விருப்பத்தின் பேரில்

லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டும்போதுதான் லிஃப்ட்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அம்மா, ஒரு சந்தேகம். ‘பெற்றோர் விருப்பத்தின் பேரில்’னு ஒரு தாள்ல எழுதியிருந்தா, அது என்னோட விருப்பம்னுதானே அர்த்தம்?”

கல்வித் துறையின் தலைமை அலுவலகத்தில் பதினாறு வருஷமாக லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். யார் எந்த மாடி, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் கோப்பு எந்தப் பீரோவில் தூங்குகிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் வீட்டு விஷயத்தை மட்டும் அவர் வாய் திறந்து சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவர் கேட்டது ஐந்தாவது மாடிப் பிரிவு அலுவலரை. அலுவலகம் முழுக்க அவளுக்குக் ‘காற்புள்ளி’ என்று பெயர். எந்தத் தாள் அவள் மேசைக்குப் போனாலும் ஒரு காற்புள்ளியாவது கூடாமலோ குறையாமலோ திரும்பி வராது என்பதால் யாரோ வைத்த பெயர். முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

“தாளைக் கொடுங்க” என்றாள்.

சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த மாற்றுச் சான்றிதழை எடுத்து நீட்டினார். பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகளுடையது. ‘பள்ளியை விட்டு நீங்கும் காரணம்’ என்ற இடத்தில் அந்த மூன்று சொற்களும் நீல மையில் இருந்தன.

“அரையாண்டுப் பரீட்சையில இயற்பியல்ல பத்தொன்பது வாங்கிட்டா. பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்க. நாலு தாளை வச்சாங்க, பரீட்சைக்கான படிவம்னு சொன்னாங்க, கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் கையில இதைக் கொடுத்து அனுப்பிட்டாங்க. நான் எதுக்குங்க விருப்பப்படப் போறேன்? அங்க சேர்க்கணும்னு மூணு நாள் வரிசையில நின்னவன் நான்.”

காற்புள்ளியின் கண் தாளின் அடிப்பகுதிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. தாளாளர் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து, ஒரு சுழி சுழித்து, அடியில் இரண்டு புள்ளி. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது பழைய நோட்டு முழுக்கப் போட்டுப் பார்த்துத் தம்பி கண்டுபிடித்த கையெழுத்து அது. அவளுடைய சொந்தத் தம்பி.

லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றது. கீழேயிருந்து யாரோ பொறுமையில்லாமல் மணியை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

“இது உங்க விருப்பம் இல்லை” என்றாள். “எனக்கு ஒரு நகல் வேணும்.”

அந்த வருஷம் அவள் மேசையில் இருந்த வேலையே அதுதான். பள்ளிகளுக்கான பழைய விதிகள் பத்தாம் வகுப்போடு நின்றுபோயிருந்தன. பதினொன்றும் பன்னிரண்டும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வகுப்புகள். அவற்றுக்கென்று தனி விதி கிடையாது. ஆய்வகம் எத்தனை அடி இருக்க வேண்டும், ஒரு வகுப்பில் எத்தனை பேர், பாடம் நடத்துகிறவருக்கு என்ன படிப்பு, எதற்கும் எழுத்தில் ஒன்றுமில்லை. அவரவர் இஷ்டம். இப்போதுதான் அரசு விழித்துக்கொண்டு மேல்நிலைக் கல்விக்கு விதிகள் எழுதச் சொல்லியிருந்தது. நாற்பத்து மூன்று விதிகள். வரைவு எழுதும் பொறுப்பைக் காற்புள்ளியின் தலையில் கட்டியிருந்தார்கள்.

பதினேழாம் விதி சான்றிதழ்களைப் பற்றியது. மை என்ன நிறம், எத்தனை நாளில் தர வேண்டும் என்பதோடு நின்றிருந்தது. அன்று மதியம் அதன் கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்ட எந்த மாணவரையும், மதிப்பெண் குறைவைக் காரணமாகக் கொண்டு, பள்ளியை விட்டு அனுப்புதல் கூடாது.’ காற்புள்ளி இரண்டும் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தட்டச்சுக்கு அனுப்பினாள். மறுநாளே அது பள்ளி உரிமையாளர்கள் சங்கத்துக்குக் கருத்துக் கேட்டுப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி வீட்டுக்குப் போனாள்.

அவன் வீடும் பள்ளியும் ஒரே வளாகம். வாசல் சுவரில் பெரிய பலகை: ‘தொடர்ந்து ஒன்பதாவது ஆண்டாக 100% தேர்ச்சி’. ஒன்பது என்ற எழுத்து மட்டும் புதுப் பெயிண்ட். வருஷத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை மட்டும் அழித்து எழுதுவார்கள்.

தம்பி பொண்டாட்டி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “அண்ணி, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று உள்ளே போனாள். காற்புள்ளி சுற்றி வளைக்கவில்லை. நகலை மேசையில் வைத்தாள். தம்பி அதைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி வைத்தான்.

“யாரு, உங்க ஆபீஸ் ஆளா?”

“லிஃப்ட் ஓட்டறவர்.”

“முதல்லயே சொல்லியிருந்தா விட்டிருப்பேனேக்கா.”

“எங்க ஆபீஸ் ஆள் இல்லேன்னா?”

தம்பி நாற்காலியில் சாய்ந்தான். கெட்டவன் இல்லை. காலை ஆறு மணிக்கே பள்ளிக்கூடத்தில் நிற்பான். குடிநீர்க் குழாய் ஒழுகினால் தானே திருகியை எடுத்துக்கொண்டு போவான். இரண்டு வாடகை அறையில் ஆரம்பித்த பள்ளியை இவ்வளவு பெரிதாக்கியவன்.

“தெருவுக்கு நாலு பள்ளிக்கூடம் இருக்கு. எல்லார் வாசல்லயும் நூறு. நான் மட்டும் எண்பத்தேழுன்னு எழுதினா அடுத்த வருஷம் யாரு வந்து சேருவா? நாற்பது வாத்தியாருங்க இருக்காங்க. அவங்களை என்ன பண்றது?”

“அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?”

“சரி. திங்கட்கிழமை அனுப்பி வை. சேர்த்துக்கறேன். வகுப்பு வாத்தியாரையே கூட உக்கார வச்சுச் சொல்லிக் கொடுக்கச் சொல்றேன்.” கொஞ்சம் நிறுத்தி, டீயை அவள் பக்கம் நகர்த்தினான். “நீயும் அந்தப் பதினேழாம் விதியைக் கொஞ்சம் பார்த்துச் செய். சங்கத்துல எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பாக்குறாங்க. ‘உங்க அக்காதானே எழுதுறாங்க’ன்னு.”

காற்புள்ளிக்கு அப்போதுதான் விளங்கியது, ஒரு பெண்ணுக்கு ஒரு வரி என்று அவன் விலை சொல்லிவிட்டான் என்று. எழுந்துகொண்டாள்.

“அந்தப் பொண்ணைச் சேர்த்துக்கறது உன் கடமை. விதி என் வேலை. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காத.”

“சாப்பிட்டுட்டுப் போக்கா.”

“பசிக்கல.”

திங்கட்கிழமை லிஃப்ட்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தாளாளர் தன் தம்பிதான், சேர்த்துக்கொள்கிறேன் என்றான், ஆனால் பதிலுக்கு ஒன்று கேட்கிறான், அதைத் தன்னால் கொடுக்க முடியாது, அதனால் நடக்காது. அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையை விசாரித்ததில் அங்கே இடம் இருப்பதாகச் சொன்னார்கள், உடனே போய்ச் சேர்த்துவிடுங்கள் என்றாள்.

லிஃப்ட்காரர் லிஃப்ட் கதவை இழுத்துச் சாத்தினார். தாளாளர் அவளுடைய தம்பி என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். மறுநாள் காலை, பத்து வருஷமாக ஐந்தாவது மாடிக்குப் போகிறவளைப் பார்த்து, “எத்தனாவது மாடி?” என்று கேட்டார்.

“அஞ்சு” என்றாள்.

அதற்கடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். மாடிப்படி ஏறிப் போய்விடலாம்தான். ஆனால் அவர் கோபத்துக்கு முன்னால் அவள் நின்றுதான் ஆகவேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு நாளும் ‘அஞ்சு’ என்று சொல்லிவிட்டு நின்றாள்.

சங்கத்தோடு முதல் கூட்டம் அந்த வாரக் கடைசியில் நடந்தது. சங்கத் தலைவர் சலவை மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டைக்காரர். பேச ஆரம்பித்தால் வார்த்தைக்கு வார்த்தை தேன் ஒழுகும்.

“அம்மா நல்ல மனசோடதான் எழுதியிருக்காங்க” என்றார். “ஆனா எங்க பள்ளிகள்ல யாரும் யாரையும் அனுப்பறது இல்லைங்க. போறவங்க போறாங்க. வீடு மாறுவாங்க, ஊர் மாறுவாங்க. ஒவ்வொரு சான்றிதழ்லயும் பெற்றோர் கையெழுத்து இருக்கு. நடக்காத விஷயத்துக்கு எதுக்குங்க விதி?”

கூட்டத்தை நடத்திய துணைச் செயலாளர் காற்புள்ளியைப் பார்த்தார். கண்டிப்பானவர், நியாயமானவர், ஆனால் காகிதத்தில் இல்லாததை நம்பாதவர். கூட்டம் கலைந்ததும் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“லிஃப்ட்ல ஒருத்தர் சொன்னாருன்னு கோப்புல எழுத முடியுமாம்மா? ஆதாரம் கொண்டாங்க. மூணு வாரம் தர்றேன். இல்லேன்னா அந்த வரியை மட்டும் எடுத்துட்டு மத்ததை அப்படியே அனுப்பிடலாம்.”

“கொண்டு வர்றேங்க” என்றாள். எப்படி என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

வழி தெரிந்தது தேர்வுத் துறையின் பதிவறையில். பதினொன்றாம் வகுப்பில் சேர்கிற ஒவ்வொருவர் பெயரையும் பள்ளிகள் பதிவுக்காக அனுப்ப வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிற ஒவ்வொருவர் பெயரையும் அனுப்ப வேண்டும். முதல் பட்டியல் வடக்குச் சுவரோரம் இருக்கும் இரும்பு அலமாரிகளில். இரண்டாவது பட்டியல் தெற்குச் சுவரோரம். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து அடி தூரம். இத்தனை வருஷத்தில் அந்தப் பதினைந்து அடியை நடந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

பதிவறைக் காப்பாளருக்குத் தூசு ஆகாது. வேலையோ தூசுக்கு நடுவில். ஒரு கட்டைப் பிரித்தால் ஏழு தும்மல், எண்ணி ஏழு. எல்லோரும் ‘தும்மல் சார்’ என்றுதான் சொல்வார்கள். அவளுடைய கடிதத்தைப் படித்துவிட்டு, “ரெண்டு வருஷத்துப் பட்டியலா? இருநூத்திப் பதினாலு பள்ளியா? அம்மா, நான் செத்தேன்” என்றார். சொல்லிவிட்டு மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு முதல் கட்டை இறக்கினார்.

பதினோரு வேலைநாள். காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை. அவர் பதினொன்றாம் வகுப்புப் பட்டியலிலிருந்து பெயரையும் பதிவெண்ணையும் படிக்க, அவள் பன்னிரண்டில் தேடுவாள். இருந்தால் ஒரு டிக். இல்லையென்றால் மற்றப் பள்ளிகளின் பட்டியலில் அதே பதிவெண் இருக்கிறதா என்று பார்ப்பாள். ‘ஊர் மாறிப் போனார்கள்’ என்று சங்கத் தலைவர் பூசி மெழுகுவார் என்பது தெரிந்தே அந்த இரண்டாவது தேடல். வேறு பள்ளியில் கிடைத்தால் அதற்கு ஒரு வட்டம். எங்குமே இல்லையென்றால் ஒரு கோடு.

மூன்றாம் நாளுக்குள் கோடுகள் பக்கத்தை நிரப்ப ஆரம்பித்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் அந்தப் பெயர்கள் எங்கேயும் இல்லை. நூறு சதவீதம் வாங்கிய பள்ளிகள் அறுபத்தொன்று. எண்ணி முடித்தபோது, அதில் ஐம்பத்திரண்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நடுவழியில் காணாமல் போயிருந்தார்கள். முதலில் தும்மல் சார், “என்னம்மா இது, புள்ளைங்க ஆவியாப் போயிடுச்சா?” என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாளுக்குமேல் கிண்டல் நின்றுவிட்டது. பெயர்களை மெதுவாக, ஒவ்வொன்றாக, யாரையோ கூப்பிடுகிற மாதிரி படித்தார்.

எட்டாம் நாள் மதியம் ஒரு கட்டை எடுத்து, முகப்பைப் பார்த்து, அதைத் திரும்ப அலமாரியில் வைக்கப் போனார்.

“என்ன சார்?”

“இது உங்க தம்பி பள்ளிக்கூடம்தானேம்மா?” அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. “இருநூத்திப் பதிமூணு பள்ளியை வச்சுப் பார்த்தாலும் கதை மாறப் போறதில்லை. ஒண்ணு குறைஞ்சா யாரும் கேக்கவும் போறதில்லை.”

அப்பா இறந்த வருஷம் பதினொன்றாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப்போன தம்பியை அழைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அறை வாசலில் அரை நாள் நின்றவள் காற்புள்ளி. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ‘இருக்கட்டும், படிக்கட்டும்’ என்று அந்த மனிதர் சொன்ன இரண்டு வார்த்தையில்தான் தம்பி இன்று தாளாளர்.

“படிங்க சார்” என்றாள்.

நூற்று நாற்பத்திரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். தேர்வு எழுதியது தொண்ணூற்றேழு. காணாமல் போன நாற்பத்தைந்து பேரில் பன்னிரண்டு பேர் வேறு பள்ளிகளில் கிடைத்தார்கள். மீதி முப்பத்து மூன்று பேருக்கும் அவள் தன் கையாலேயே கோடு போட்டாள்.

அட்டவணை துணைச் செயலாளரிடம் போனது. வழக்கப்படி அதன் ஒரு பிரதி சங்கத்துக்கும் போனது. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, தம்பி அவள் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“வரிசை எண் நூத்தி முப்பத்தாறு. என் பள்ளிக்கூடம். நீயே எழுதியிருக்க.”

“நானேதான்.”

“ஊர்ல உள்ளவன் பண்ணினா சரி. கூடப் பிறந்தவளே இப்படிப் பண்ணலாமா? சங்கத்துல தலை நிமிர முடியல.”

“முப்பத்து மூணு பேரு எங்கடா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

தம்பி கையை ஓங்கி நாற்காலி முதுகில் அடித்தான். “நீ என்ன சொல்லப் போறேன்னு தெரியும்க்கா. அன்னைக்கு என்னை அனுப்பியிருந்தா என்ன ஆகியிருப்பேன்னு கேப்ப. எனக்கு நினைவில்லாம இல்ல. ஒவ்வொரு கையெழுத்துப் போடும்போதும் நினைவு வருது. வந்தும் போடறேன். ஏன்னா பக்கத்துல இருக்கறவன் போடறான்!”

காற்புள்ளி அதைச் சொல்லவே நினைக்கவில்லை. அவனே சொன்னது அவளுக்கு வலித்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை, கோபம் இன்னும் தீரவில்லை.

“உன் விதி வந்தா மட்டும் என்ன கிழிச்சிடும்? அனுப்பக் கூடாதுன்னு எழுதுவ. நாங்க ‘பெற்றோர் விருப்பம்’னு எழுதுவோம். நீ கூடாதுன்னு சொன்னது ஒரு பக்கம் இருக்கும், கையெழுத்து ஒரு பக்கம் இருக்கும். அவ்வளவு அக்கறை இருந்தா, சதவீதத்தைப் பதினொண்ணுல சேர்ந்த தலையை வச்சுக் கணக்குப் போடச் சொல்லு! அப்ப ஒருத்தனும் ஒரு புள்ளையையும் அனுப்ப மாட்டான். வெளியே அனுப்பினா கட்டாயம் ஃபெயில் கணக்கு. உள்ளே வச்சிருந்தா பாஸ் பண்ண வைக்கவாவது பாப்பான்!”

காற்புள்ளி மெதுவாகக் கேட்டாள்:

“இன்னொரு தடவை சொல்லு.”

“எதை?”

“கடைசியாச் சொன்னதை.”

தம்பி வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான். தான் என்ன எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்பது புரிந்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

திங்கட்கிழமை பதினேழாம் விதி உருமாறியது. ‘அனுப்புதல் கூடாது’ என்ற வரி இருந்தது. அதன் கீழே புதிதாக ஒன்று: பள்ளி எதுவாயினும், தன் தேர்ச்சிச் சதவீதத்தை வெளியிடும்போது, பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் மொத்த எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டே கணக்கிட வேண்டும். வேறு பள்ளியில் சேர்ந்து படிக்கிறார் என்று அந்தப் பள்ளியின் பதிவெண்ணோடு காட்டினால் மட்டும் அந்த மாணவரைக் கழித்துக்கொள்ளலாம்.

அதை எழுதி முடித்த கையோடு இன்னொரு தாளை எடுத்தாள். பட்டியலில் நூற்று முப்பத்தாறாம் பள்ளியின் தாளாளர் தன் உடன்பிறந்த தம்பி என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, துணைச் செயலாளருக்கும் மேலதிகாரியான செயலாளரிடம் நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

செயலாளர் அதை இரண்டு தடவை படித்தார். “எண்ண ஆரம்பிக்கும்போதே சொல்லியிருக்கணும்.”

“ஆமாங்க. சொல்லியிருக்கணும். தப்புதான்.”

“இனிமே பதினேழாம் விதிக் கோப்பு உங்ககிட்ட இருக்கக் கூடாது. கடைசிக் கூட்டத்துக்கும் நீங்க வரக் கூடாது. கணக்கை வேற பிரிவு மறுபடியும் எண்ணட்டும். சரியா இருந்தா, உங்க குறிப்பு அப்படியே கூட்டத்துக்குப் போகும்.”

“குறிப்பை முடிச்சுக் கொடுத்துட்டுப் போகலாங்களா?”

“சாயங்காலத்துக்குள்ள.”

தான் இல்லாத அறையில் தனக்குப் பதிலாகப் பேசப் போகும் தாள் அது என்று தெரிந்துகொண்டே எழுதினாள். ஒரு உரிச்சொல் இல்லை, ஒரு ஆதங்கம் இல்லை. எண்கள், பதிவெண்கள், அட்டவணை. யார் என்ன ஆட்சேபணை சொல்வார்கள், அதற்கு எந்தப் பக்கத்தில் பதில். கடைசியில் சங்கத்திடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி. ஐந்து மணிக்குக் கோப்பைக் கட்டிக் கொடுத்தபோது மேசை காலியாகி, ஏதோ வேறு யாருடைய மேசை போலிருந்தது.

வேறு பிரிவு நான்கு நாள் எண்ணியது. இருநூற்றுப் பதினான்கு பள்ளிகளிலும் சேர்த்து வித்தியாசம் இரண்டு பேர். அவள் இரண்டு பேரைக் கூடுதலாகக் காணாமல் போனவர்களாகக் காட்டியிருந்தாள். கோப்பு கைவிட்டுப் போனதற்குக் கலங்காதவள், இதைக் கேட்டு அன்று முழுக்க நிலைகொள்ளாமல் தவித்தாள். “ரெண்டு பேரு! எங்க சார் விட்டோம்?” என்று தும்மல் சாருக்கு மூன்று தடவை போன் பண்ணிவிட்டாள். பதிவெண்ணில் ஆறும் எட்டும் இடம் மாறியிருந்ததாம். “ஆயிரக்கணக்குல ரெண்டும்மா, விடுங்க” என்றார் அவர். அவளால் விட முடியவில்லை.

கடைசிக் கூட்டம் நடந்த அன்று தன் பிரிவில் உட்கார்ந்து ஆய்வக அளவுகள் பற்றிய விதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே பக்கத்தை ஐந்து தடவை படித்தாள். மதியம் இரண்டு மணிக்குத் துணைச் செயலாளர் தானே நடந்து அவள் மேசைக்கு வந்தார். அந்த அறையில் அதுவரை நடக்காத விஷயம்.

“தலைவர் இன்னைக்கு வெளுத்து வாங்கினாரும்மா. இது எங்க அடிமடியிலயே கை வைக்கற விதி, பள்ளிகளையே மூடணும், அப்படி இப்படின்னு. உங்க குறிப்புல கடைசிக் கேள்வியை அப்படியே படிச்சேன். ‘யாரையும் அனுப்பறதில்லைன்னு போன மாசம் சொன்னீங்களே. அனுப்பாதவங்களுக்கு இந்த விதியால என்ன நஷ்டம்?’”

“என்ன சொன்னாரு?”

“தண்ணி கேட்டாரு.”

அறையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். விதி தேறிவிட்டது. முழுசாக இல்லை. முப்பது பேருக்குக் குறைந்த பள்ளிகளுக்கு விலக்கு. அடுத்த கல்வியாண்டில் சேர்கிறவர்களிலிருந்துதான் அமலுக்கு வரும். ஏற்கெனவே வெளியே போனவர்களுக்கு அதில் ஒன்றும் கிடையாது. அதுதான் காற்புள்ளிக்கு உறுத்தியது. ஆனால் அரசிதழில் வெளியானபோது, நாற்பத்து மூன்று விதிகளில் பதினேழாவதை மட்டும் அவள் இரண்டு தடவை படித்தாள். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது. பொருள் மாறவில்லை என்பதால் விட்டுவிட்டாள். அவள் விட்ட முதல் காற்புள்ளி அதுவாகத்தான் இருக்கும்.

லிஃப்ட்காரருடைய மகள் அரசுப் பள்ளியில் சேர்ந்து, ஒரு வருஷம் பின்தங்கி, தேர்வு எழுதினாள். இயற்பியலில் தேர்ச்சிக்கு வேண்டியதைவிட நான்கு மதிப்பெண் கூடுதல். அந்தச் செய்தியை லிஃப்ட்காரர் கீழ்த் தளத்தில் ஆரம்பித்து மாடி மாடியாக எல்லோருக்கும் சொன்னார். காற்புள்ளியிடம் கடைசியாகத்தான் சொன்னார். “அந்த வருஷம் வீணாப் போச்சும்மா. அது போனது போனதுதான்” என்றும் சேர்த்துச் சொன்னார். அவள் ஆமாம் என்றாள்.

தம்பி இரண்டரை வருஷம் பேசவில்லை. தம்பி பொண்டாட்டிதான் அவ்வப்போது போன் பண்ணி, “அவருக்குக் கோபம் உங்க மேல இல்ல அண்ணி, தன் வாய் மேலதான்” என்பாள். புது விதிப்படி முதல் முடிவுகள் வந்த வருஷம் அந்த ஊரில் நூறு என்று எழுதிய பலகைகள் ஒன்பதுதான் மிஞ்சின. தம்பி பள்ளிக்கு எண்பத்து மூன்று. மற்றவர்களுக்கும் எழுபது, எண்பது என்றே வந்ததால் யாரும் ஓடிப்போகவில்லை. தேறாதவர்களுக்காக அவன் காலை ஏழு மணிக்குத் தனி வகுப்பு நடத்துகிறான் என்று கேள்விப்பட்டாள். அவனே கணக்கு எடுக்கிறானாம்.

பிறகு ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு, பார்வையாளர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் மேசைக்கு எதிரில் வந்து நின்றான். முன்னைவிட மெலிந்திருந்தான்.

“உக்காரு” என்றாள்.

“உக்கார வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.” நின்றபடியே சொன்னான். “உன் விதியைத் தாண்டிட்டாங்க. நடுவுல அனுப்ப முடியலேன்னதும், சேர்க்கும்போதே வடிகட்டுறாங்க. பத்தாம் வகுப்பு மார்க் போதாதுன்னு அவங்கவங்க தனியா ஒரு பரீட்சை வைக்கறாங்க. கொஞ்சம் தடுமாறுற புள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் விண்ணப்பமே கொடுக்கறதில்ல. என்கிட்டயும் பண்ணச் சொல்லி ஒரே நெருக்கல். நான் மாட்டேன்னுட்டேன். எத்தனை நாளைக்கு ஒத்தையா நிக்கறது? அதுக்கு உன் நாற்பத்து மூணுல ஒண்ணும் இல்லையேக்கா.”

“இல்லைதான்” என்றாள் காற்புள்ளி. “ஒன்பதாம் விதி சேர்க்கையைப் பத்தினது. அதுல ஓட்டை இருக்குன்னு எனக்கும் சந்தேகம் உண்டு. எப்படிப் பண்றாங்கன்னு உள்ளே இருக்கறவங்க சொன்னாத்தானே தெரியும்?”

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“முதல்ல விண்ணப்பம் தீர்ந்துபோச்சுன்னு சொல்லுவாங்க” என்று ஆரம்பித்தான்.

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மேலே தேதி போட்டு, எழுதத் தொடங்கினாள்.